சகலையின் கோடுகள்

சகலையை அந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு எல்லாரும் மறந்துபோன விஷயம் இது ஒன்றுதான்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது சிறியவன். கல்யாணமாகி ஒரு வருடம் வேலை இல்லாமல் இருந்தான். மாமனார் என்னிடம் நேராகக் கேட்காமல் என் மனைவியிடம் சொன்னார். அவள் என்னிடம் மூன்று நாள் சொன்னாள். நான் மேனேஜரிடம் ஒரு நாள் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் அலுவலகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், "சார், இது என் சகலை" என்றேன். அதோடு அவனுக்குப் பெயரே அதுவாகிவிட்டது. மேனேஜர் சகலை என்றார். லாரி டிரைவர்கள் சகலை என்றார்கள். கேட்காரர், எடை போடுகிறவர், டீ கொண்டுவருகிற அம்மா வரைக்கும் சகலை. அந்தக் கல் குவாரியில் வேலை பார்க்கும் அறுபது பேரும் என் மாமனார் வீட்டில் பெண் எடுத்தவர்கள் மாதிரி ஆகிப்போனார்கள். எனக்கு அங்கே ஒன்பது வருட சர்வீஸ். எனக்கு வைத்திருந்த பெயர் ஃபார்முலா. அதையும் என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். மலைமேல் குவாரி, கீழே கல் உடைக்கும் ஆலை, நடுவில் ஒன்பது கிலோமீட்டர் பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஒரு லாரி போகிற அகலம்தான். மூன்றாவது கிலோமீட்டரிலும் ஆறாவது கிலோமீட்டரிலும் மட்டும் பாறையைக் குடைந்து ஒதுங்குமிடம் செய்திருந்தார்கள். காலி வண்டி மேலே ஏறும், லோடு வண்டி கீழே இறங்கும். இறங்குகிற லோடு வண்டியை நடுவில் நிறுத்தக் கூடாது, பிரேக் சூடாகிவிடும். ஆகவே காலி வண்டிதான் முந்தி வந்து ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்குமிடம் இல்லாத இடத்தில் இரண்டும் நேருக்கு நேர் முகம் பார்த்துக்கொண்டால், காலி வண்டி அத்தனை வளைவிலும் பின்பக்கமாகவே இறங்கியாக வேண்டும். அன்றைய பிழைப்பு அதோடு சரி. மலையில் செல்போனும் எடுக்காது. மேல் கேட்டுக்கும் கீழ் கேட்டுக்கும் மட்டும் ஒரு கம்பித் தொலைபேசி உண்டு.

அந்தச் சிக்கல் வராமல் இருக்கத்தான் வரைபடம். கட்டம் போட்ட தாளில் கிடையாக நேரம், செங்குத்தாகத் தூரம். காலி வண்டிக்குக் கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம். அதன் கோடு மேல்நோக்கி ஏறும். லோடு வண்டிக்குக் கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம். அதன் கோடு கீழ்நோக்கி இறங்கும். வேகத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பாதையில் ஒரே ஒரு வண்டி ஓடினால் அது எந்த நேரத்தில் எங்கே இருந்தால் யாருக்கு என்ன? இரண்டாவது கோடு வரும்போதுதான் வம்பு தொடங்குகிறது. இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற புள்ளி ஒதுங்குமிடத்தின்மேல் விழ வேண்டும். அதற்குச் சற்று மேலே விழுந்தாலும் காலி வண்டி காத்திருந்து சமாளித்துக்கொள்ளும். கீழே மட்டும் விழக் கூடாது. விழுந்தால், காலி வண்டி ஒதுங்குமிடத்துக்கு வந்து சேரும் முன்பே லோடு வண்டி அதைத் தாண்டி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதற்காகவே நான் பிளாஸ்டிக் தகட்டில் இரண்டு முக்கோணங்கள் வெட்டி வைத்திருந்தேன். ஒன்றின் சாய்வு காலி வண்டியின் சாய்வு, மற்றது லோடு வண்டியின் சாய்வு. புறப்படும் நேரத்தில் தகட்டின் முனையை வைத்து ஓரமாகப் பென்சிலை இழுத்தால் கோடு தயார். ஒன்பது வருடமாக அதே தகடுகள். வரைந்ததோடு விட மாட்டேன். ஒவ்வொரு வெட்டும் புள்ளிக்கும் தாளின் அடியில் இரண்டு சமன்பாடு எழுதி, தீர்த்து, விடை புள்ளியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, டிக் அடிப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு இருந்தது ஒரே வாத்தியார். வரைபடம் வரைந்துவிட்டு சரிபார்க்காத தாளுக்கு அவர் பாதி மார்க்தான் போடுவார். அந்தப் பாதி மார்க் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

சகலை சரிபார்க்க மாட்டான். தாளைத் தள்ளி வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான். "இங்க ஒரு வண்டி நுழையும்ணா" என்பான். நுழையும். அதைச் சமன்பாடு எழுதிப் பொய்யாக்க நான் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை கூட முடிந்ததில்லை. அவன் பென்சில் எப்போதும் ஊசி மாதிரி இருக்கும். கோடு முடி மாதிரி விழும். என் கோடுகளில் நேர்மை இருந்தது. அவன் கோடுகளில் அழகும் இருந்தது. மேனேஜர் என் வரைபடத்தை வாங்கி மேசைமேல் வைப்பார். அவனுடையதை வாங்கிச் சுவரில் ஒட்டுவார்.

ஒட்டட்டும், எனக்கு என்ன என்று இருந்திருப்பேன். ஆனால் அந்த வருடம் வரைபட மேசையில் தலைமையாக இருந்த பெரியவர் ஓய்வு பெறுவதாக இருந்தார். அவர் நாற்காலிக்கு அடுத்து யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒரு திங்கட்கிழமை மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஒரு நாளைக்கு இருபத்திரண்டு நடை ஓட்டுறோம். சகலை என்னடான்னா இருபத்தாறு முடியும்ங்கிறாரு. அடுத்த வாரம் வியாழக்கிழமை அவர் போட்ட படத்துலயே ஓட்டிப் பாப்போம். ஓடிச்சுன்னா மேசை அவருக்கு. ஓடலைன்னா உங்களுக்கு. சரிதானே?"

சரிதான் என்றேன். வேறு என்ன சொல்வது? ஒன்பது வருடம் நான் ஒரு வண்டியைக் கூட முகம் பார்க்க விட்டதில்லை. அதெல்லாம் ஒரு வியாழக்கிழமைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் வீட்டில் இரண்டு குடும்பமும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். மாமனார் என்னை எப்போதும் "வாங்க" என்பார். அவனை "வாப்பா" என்பார். மரியாதை எனக்கு, பாசம் அவனுக்கு. எது ஒசத்தி என்று கல்யாணமான நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"இருபத்தாறு நடையாமே, நெசமா?" என்று அவனைக் கேட்டார் மாமனார்.

"ஓடினாத்தான் நெசம் மாமா."

"ஓடும், ஓடும். உன் கைராசி." பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ மீதி இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கிற மாதிரி, "நீங்களும் கூடமாட இருந்து பாத்துக்குங்க" என்றார்.

கூடமாட. ஒன்பது வருடம் அந்த மேசையில் இருந்தவன் கூடமாட.

சகலை சாப்பாட்டுக்கு நடுவில் என் பக்கம் சாய்ந்து, "அண்ணா, புதுத் தாள்ல ஒரு சின்ன மாத்தம் பண்ணிருக்கேன். உங்களுக்குச் சொல்லணும். கட்டத்துக்கு..." என்று ஆரம்பித்தான். எனக்குப் பசி போய்விட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து கைகழுவப் போய்விட்டேன். குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அவன் பேச்சு காதில் விழாதபடி அந்தச் சத்தத்திலேயே நின்றேன். திரும்பி வந்தபோது அவன் மாமனாருக்கு ஏதோ சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி கேட்டாள்.

"என் தங்கச்சி நல்லா இருந்தா எனக்கே வயிறு எரியல. உங்களுக்கு ஏன் எரியுது?"

"யாருக்கு எரியுது?"

"பாதிச் சோத்துல எந்திரிச்சவங்களுக்கு."



புதன்கிழமை மத்தியானம் அவன் புறப்படும் நேரப் பட்டியலைப் பலகையில் ஒட்டினான். வரைபடம் மேனேஜர் அறையில் இருந்தது. பட்டியலில் நேரங்கள் மட்டும்தான். முதல் லோடு வண்டி மேலிருந்து எட்டே முக்காலுக்கு. முதல் காலி வண்டி கீழிருந்து ஒன்பதுக்கு. சந்திப்பு, மூன்றாவது கிலோமீட்டர் ஒதுங்குமிடம், ஒன்பது மணி ஒன்பது நிமிடம். அவன் அலமாரியில் புதுத் தாள்கள் கட்டாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கால் மணிக்கு ஒரு கோடு அச்சடித்தே வாங்கியிருந்தான். நான் இத்தனை வருடம் கையால் குறித்த கோடுகள் அவனுக்கு அச்சாகி வருகின்றன என்று நினைத்தபோது உள்ளே சுருக்கென்றது. ஒரு தாளை உருவிக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். அச்சடித்த எட்டே முக்கால் குறியில், மேலே ஒன்பது கிலோமீட்டரில், லோடுத் தகட்டின் முனையை வைத்து இழுத்தேன். ஒன்பது மணிக் குறியில், கீழே சைபரில், காலித் தகட்டை வைத்து இழுத்தேன்.

இரண்டு கோடும் மூன்றாவது கிலோமீட்டரில் வெட்டவில்லை. இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேலே வெட்டின. ஒதுங்குமிடத்துக்கு எழுநூறு மீட்டர் கீழே. பாதையிலேயே மோசமான வளைவு அதுதான்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. மூத்த பிள்ளை பிறந்தபோது கூட இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டிருக்க மாட்டேன். இருபத்தாறு நடை. கைராசி. முதல் சந்திப்பே தவறு. தகட்டை மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே புள்ளி. பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பிறகு இன்னொரு வட்டம் போட்டேன்.

சமன்பாடு எழுதவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடத்தில் நான் அடியில் எழுதிச் சரிபார்க்காத ஒரே வெட்டும் புள்ளி அதுதான். மற்ற புள்ளிகளையெல்லாம் தவறாக இருக்குமோ என்று பயந்து சரிபார்த்தேன். இது சரியாகிவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவனே என் மேசைக்கு வந்தான். தாளைக் கோப்புக்குக் கீழே நகர்த்தினேன்.

"அண்ணா, படத்த மேனேஜர் ரூம்லருந்து எடுத்துட்டு வரட்டுமா? ஒருக்கா பாத்துக் குடுங்களேன். நீங்க டிக் போட்டா எனக்குத் தூக்கம் வரும்."

"உன் படத்துக்கு நான் எதுக்கு டிக் போடணும்? சுவத்துல ஒட்டுற படம்."

"அட, என்னண்ணா நீங்க."

"போய்த் தூங்கு. எல்லாம் ஓடும்."

அவன் போய்விட்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் அங்கேயே தெளிந்திருக்கும். ஆனால் அவனிடம் தனியாகச் சொல்வதற்காகவா அதைக் கண்டுபிடித்தேன்? மேனேஜர் பார்க்க வேண்டும், டிரைவர்கள் பார்க்க வேண்டும், வண்டி கிளம்புகிற நொடியில் நான் கையை நீட்டி நிறுத்த வேண்டும். அன்று வீட்டில் நான் ஏதோ பாட்டு முனகினேன் போலிருக்கிறது. "என்ன, மேசை கெடச்சிருச்சா?" என்றாள் மனைவி. "நாளைக்கு" என்றேன்.

வியாழக்கிழமை காலை கீழ் கேட்டில் எல்லாரும் இருந்தார்கள். மேனேஜர் கையில் கடிகாரம். ஓய்வு பெறப்போகிற பெரியவருக்கு ஒரு நாற்காலி. சகலை வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தான், கண்கள் சிவந்திருந்தன. முதல் காலி வண்டியின் டிரைவருக்கு ஹாரன் என்று பெயர். வளைவு இருந்தாலும் அடிப்பார், இல்லாவிட்டாலும் அடிப்பார். எட்டே முக்காலுக்கு மேல் கேட்டிலிருந்து தொலைபேசி வந்தது. லோடு வண்டி கிளம்பிவிட்டது.

ஒன்பது அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது ஹாரன் வண்டியை உறுமவிட்டார். நான் தடுப்புக் கட்டைக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினேன்.

"வண்டிய எடுக்காதீங்க. படம் தப்பு."

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நான் இரண்டு ராத்திரி ஒத்திகை பார்த்திருந்தால்கூட அந்த மௌனம் அவ்வளவு நன்றாக அமைந்திருக்காது.

"என்ன தப்பு?" என்றார் மேனேஜர்.

தாளை விரித்தேன். "ரெண்டும் மூணாவது கிலோமீட்டர்ல சந்திக்காது சார். ரெண்டேகால்ல சந்திக்கும். பாறை வளைவு. இவர் அங்க போனா முகம் பாத்துக்குவாங்க."

சகலையின் முகம் வெளுத்துப்போனது. நான் அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம், ஆனால் பார்த்தேன். அவன் அக்குளிலிருந்த சுருளை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினான்.

"நீங்க சொல்றபடி லோடு வண்டி எப்ப இங்க வரும்?" என்று கேட்டார் மேனேஜர்.

என் கோட்டைக் கீழ்வரை விரலால் பின்தொடர்ந்தேன். அது அடிக்கோட்டைத் தொட்ட இடம் ஒன்பது பன்னிரண்டு.

"ஒம்பது பன்னண்டுக்கு சார்."

ஹாரன் வண்டியிலிருந்து தலையை நீட்டினார். "எத்தனை மணிக்குக் கெளம்புச்சு அது?"

"எட்டே முக்கால்."

"அப்ப இருபத்தேழு நிமிஷத்துல இறங்கிடும்ங்கிறீங்க."

"ஆமா."

"காலி வண்டியே ஏற இருபத்தேழு நிமிஷம் ஆகும். லோட ஏத்திக்கிட்டு இருபத்தேழு நிமிஷத்துல இறங்கணும்னா பிரேக்க வீட்ல கழட்டி வெச்சிட்டு வந்திருக்கணும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பெரியவர் கூடச் சிரித்தார். நான் தாளைப் பார்த்தேன். ஒன்பது கிலோமீட்டருக்கு நான்கு நான்காக முப்பத்தாறு. அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். என் பெயரை மறந்தாலும் அது மறக்காது. அப்படியானால் என் கோடு ஏன் இருபத்தேழு என்கிறது?

சகலை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று தாளை எட்டிப் பார்த்தான். என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த தகடுகளையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல், எனக்கு மட்டும் கேட்கிறபடி சொன்னான்.

"அண்ணா, பழைய தாள்ல கட்டத்துக்கு நாலு நிமிஷம். இதுல மூணு."

கால் மணிக்கும் கால் மணிக்கும் நடுவில் இருந்த கட்டங்களை எண்ணினேன். ஐந்து. பழைய தாளில் கால் மணி என்பது மூன்றேமுக்கால் கட்டம். அந்த முக்காலைக் கண்ணால் மதிப்பிட்டு ஒன்பது வருடம் குறி போட்டிருக்கிறேன். கட்டத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் கால் மணி சரியாகக் கோட்டின்மேல் விழும், மதிப்பிடவே வேண்டாம் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நேரத்தை அவனுடைய அளவில் வைத்து, பழைய தாளுக்கென்று வெட்டிய தகட்டால் சாய்வை என்னுடைய அளவில் இழுத்திருக்கிறேன். வெட்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது இதுதான்: இவ்வளவு எளிதான ஒன்றை, எப்படி இவன்?

இப்போது எழுதாமல் விட்ட சமன்பாடு மனதில் தானாக ஓடியது. ஒன்பது மணிக்குப் பிறகு ஒன்பதாவது நிமிடம். காலி வண்டி, ஒன்பதை மூன்றால் வகுத்தால் மூன்று. லோடு வண்டி அதற்குள் இருபத்துநான்கு நிமிடம் ஓடியிருக்கும். நான்கால் வகுத்தால் ஆறு. ஒன்பதில் ஆறு போனால் மூன்று. இரண்டும் மூன்று. அவன் படத்தில் ஒரு மயிரிழைகூடப் பிசகு இல்லை.

"அப்ப வண்டிய எடுக்கவா?" என்றார் ஹாரன்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நான்கு. "இப்ப எடுத்தா மூணாவது கிலோமீட்டருக்கு எப்ப போவீங்க?"

"ஒம்பது பதிமூணு."

"லோடு அத ஒம்பது ஒம்பதுக்கே தாண்டிடும்."

தவறே இல்லாத படத்தை நான் நிஜமாகவே தவறாக்கியிருந்தேன். இனி அந்த லோடு வண்டி இறங்கி வரும்வரை யாரும் நகர முடியாது. ஹாரன் எஞ்சினை அணைத்தார். பின்னால் வரிசையில் நின்ற நான்கு காலி வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தன. அடுத்த பதினேழு நிமிடம் நாங்கள் அத்தனை பேரும் ஒரு மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்பது பன்னிரண்டு ஆனபோது ஹாரன் கையை நெற்றிமேல் வைத்து எட்டிப் பார்த்து, "ஃபார்முலா வண்டியக் காணோமே" என்றார். முகத்துக்கு நேராக அந்தப் பெயரைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

லோடு வண்டி ஒன்பது இருபத்தொன்றுக்கு வந்து சேர்ந்தது. நிமிடம் பிசகாமல்.

அன்று இருபத்தாறு நடை ஓடாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு கோடு நகர்ந்தால் அதை வெட்டுகிற அத்தனை கோடும் நகர வேண்டும். மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இது யார் தப்பு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை பேசிவிட்டான்.

"என் தப்பு சார். அளவ மாத்தினது நான். அண்ணாகிட்ட உக்காந்து சொல்லிருக்கணும். இல்ல, தாள் மேல கட்டத்துக்கு மூணுன்னு பெருசா எழுதியாச்சும் வெச்சிருக்கணும். அவரு நல்லதுக்குத்தான் நிறுத்துனாரு. நெசமாவே தப்பா இருந்திருந்தா அவருதான் காப்பாத்திருப்பாரு."

மேனேஜரின் முகம் இளகுவதைப் பார்த்தேன். பெரியவர் நாற்காலியிலிருந்து தலையாட்டினார். ஹாரன், "சகலைன்னா சகலைதான்பா" என்றார். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. தவறு தன்னுடையது என்று சொன்ன அந்த நிமிடத்தில் அவன் ஒரு முழம் வளர்ந்துவிட்டான். நான் பேசாமல் இருந்தால் போதும். படம் ஓடவில்லை; பேச்சுப்படி மேசை எனக்கு. அவனே பழியை எடுத்துக்கொண்டான். என் நாற்காலியை அவன் கையாலேயே இழுத்துப் போட்டுக் கொடுக்கிறான்.

அதுதான் தாங்கவில்லை. அளவு அவனுடையது, அழகு அவனுடையது, மாமனார் அவனுடையவர், டிரைவர்கள் அவனுடையவர்கள். கடைசியில் என் தவறு, நானே பார்த்துப் பார்த்துச் செய்த தவறு, அதையும் அவனே எடுத்துக்கொண்டு பெரிய மனிதனாகப் போகிறான். அதை மட்டும் அவனுக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

"இல்ல சார்," என்றேன். "தப்பு என்னுது. மாத்தினத அவன் சொல்ல வந்தான். நான்தான் காது குடுக்கல. நேத்து சாயங்காலம் டிக் போடச் சொல்லிப் படத்தையே கொண்டுவரேன்னான். நான் பாக்க மாட்டேன்னுட்டேன். தப்பு இருக்குன்னு நெனச்சது நேத்து மத்தியானமே."

"நேத்தே நெனச்சீங்களா? அப்ப ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லணும்னு சார்."

 மேனேஜர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார்.

"மேசை சகலைக்கு. இருபத்தாற நாளைக்குப் பாப்போம். படம் அவர் போடட்டும், நீங்க அடியில எழுதிச் சரிபாருங்க. உங்க டிக் இல்லாம இனி ஒரு வண்டி கெளம்பக் கூடாது."

சகலை என் கையைப் பிடித்தான். "அண்ணா" என்றான்.  நான் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் நுழையும்போதே மனைவியின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"தங்கச்சி போன் பண்ணா."

"மேசை கெடச்சதச் சொன்னாளா?"

"அதெல்லாம் கடைசியில. அவர் வீட்டுக்கு வந்ததும் உங்களப் பத்தித்தான் பேசினாராம். மேனேஜர் முன்னாடி, டிரைவருங்க முன்னாடி, தப்பு என்னுதுன்னு சொல்ல எவ்ளோ மனசு வேணும், எனக்கு வராதுன்னாராம். பொண்டாட்டிகிட்ட சொன்னது பத்தாதுன்னு அப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லிருக்காரு."

"மாமாவுக்குமா?"

"ஆமா. அப்பா உடனே எனக்குப் பண்ணாரு. என்ன சொன்னாரு தெரியுமா? பெரிய மாப்பிள்ளை பெரிய மாப்பிள்ளைதான்மா, அந்த நேர்மை யாருக்கும் வராதுன்னாரு. ஞாயித்துக்கிழமை உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. உங்கள மட்டும் தனியா."

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வாயிலிருந்து நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை அது. எத்தனை பண்டிகைக்கு எத்தனை பை தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு தடவை வரவில்லை. அவன் ஒரு போன் போட்டு வாங்கிக் கொடுத்துவிட்டான்.

"சந்தோஷமான விஷயம் சொல்றேன், மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. நாளைக்குச் சீக்கிரம் போகணும். அவன் போட்ட படத்தச் சரிபாக்கணும்."

"அவர்தான் தப்பே பண்ண மாட்டாரே."

இருபத்தாறு நடை. ஐம்பதுக்குக் குறையாமல் வெட்டும் புள்ளிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சமன்பாடு எழுதி, அவனுடைய அளவிலேயே, கட்டத்துக்கு மூன்று நிமிடமாகவே வைத்து, ஒன்று விடாமல் பார்ப்பேன். ஐம்பதில் ஒன்றாவது தவறாக இல்லாமலா போகும்?